விளம்பரம் காட்டும் இல்லறம்

பிழைப்பின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வந்து, தில்லியிலோ நாகபுரியிலோ போபாலிலோ குடியிருக்கும் நமக்குப் பிறருக்கில்லாத வாய்ப்பு ஒன்று உண்டு. ஒரே விளம்பரத்தை நாம் இரு மொழிகளில் கேட்கிறோம். இங்கே, வேலை முடிந்து வீடு திரும்பி அமர்ந்தால் அது இந்தியில் ஒலிக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அதே படம், அதே முகங்கள்; பேச்சு மட்டும் தமிழ். உதடு ஒன்று சொல்ல, காதில் வேறொன்று விழுவதைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டுவிட்ட நமக்கோ அதில் வேறொரு வேடிக்கையும் தென்படுவதுண்டு.

இந்தி மொழியில் வினைச்சொல், செய்பவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். 'நான் செய்கிறேன்' என்பதை ஆண் 'கர்த்தா ஹூம்' என்பான். பெண் 'கர்த்தீ ஹூம்' என்பாள். 'நீங்கள் செய்கிறீர்கள்' என்று முன்னிலையில் கூறினும் அந்த வேறுபாடு விடாது. ஆகவே, சலவைத்தூள் விற்க வரும் இந்தி விளம்பரம், தான் பெண்ணை நோக்கியே பேசுவதை மறைக்க இயலாது. தமிழிலக்கணம் அவ்வாறன்று. அவன், அவள் என்னும் பால் வேறுபாடு படர்க்கைக்கே உரியது. தன்மையிலும் முன்னிலையிலும் 'துவைக்கிறேன்', 'துவைக்கிறீர்கள்' என்பன இருபாலார்க்கும் பொது. எனவே அதே விளம்பரம் தமிழுக்கு வந்தவுடன் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகப் பேசத் தொடங்குகிறது. ஆயின், இலக்கணம் தந்த இச்சமத்துவத்தைப் படம் உடனே பறித்துக்கொள்கிறது. வாளியின் அருகே நிற்பவர் பெண்ணே அன்றோ!

சொல்லளவில் பொதுவாகிவிட்ட இல்லறம், செயலளவில் எவ்வளவு பொதுவாகியிருக்கிறது? இக்கேள்விக்கு விடை காண விளம்பரங்களையே சான்றாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து.

பெண்ணியம் வேண்டுவது யாது?

'பெண்ணியம்' என்னும் சொல் தமிழுக்குப் பழையதன்று. முன்னர் மாதர் முன்னேற்றம் என்றும் பெண் விடுதலை என்றும் வழங்கினோம். அச்சொற்கள் பெண்ணின் நிலையை மட்டும் நோக்கின. பெண் படிக்கவேண்டும், வாக்களிக்கவேண்டும், சொத்துரிமை பெறவேண்டும் என்பன அவற்றின் கோரிக்கைகள். பெண்ணியம் இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. பெண்ணுக்கு இன்ன வேலை, ஆணுக்கு இன்ன வேலை என்று வகுத்தது இயற்கையா, வழக்கமா என்று அது கேட்கிறது. வழக்கமே எனின், வழக்கத்தை மாற்றவும் கூடும் என்கிறது. ஆகவே அதன் பார்வை பெண்ணோடு நில்லாது, ஆணின் மீதும் படிகிறது. இதனாலேயே பலருக்கு அது கசக்கிறது.

நம் நாட்டில் இச்சிந்தனைக்கு ஒரு திருப்பம் தந்தது 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை. பெண்களின் நிலையை ஆராய 1971-இல் மத்திய அரசு நியமித்த குழு, 'சமத்துவத்தை நோக்கி' என்ற பொருள்படும் தலைப்பில் அதனை அளித்தது. அரசியல் சட்டம் சமத்துவம் வழங்கிக் கால் நூற்றாண்டு ஆகும் தறுவாயிலும், பெரும்பாலான பெண்களின் வாழ்க்கையை அச்சமத்துவம் எட்டவில்லை என்று அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதன் பின்னரே பெண்கள் இயக்கம் புதிய வேகம் கொண்டது. பத்திரிகைகளிலும் திரையிலும் பெண்ணை எவ்வாறு சித்திரிக்கிறார்கள் என்ற வினாவும் எழுந்தது.

அழகியும் அன்னையும்

விளம்பரங்களின் பழைய வரலாற்றைப் புரட்டினால் அங்கே இரு பெண்களே திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். ஒருத்தி அழகி, மற்றொருத்தி அன்னை. 1941-ஆம் ஆண்டில் லீலா சிட்னிஸ் என்னும் திரைப்பட நடிகை லக்ஸ் சோப்பின் விளம்பரத்தில் தோன்றினார். அதில் தோன்றிய முதல் இந்திய நடிகை அவரே. அவருக்குப் பின் ஒவ்வொரு தலைமுறையின் புகழ்பெற்ற நடிகையும் அவ்விடத்தை அலங்கரித்தார். அன்னையோ 1937-இல் அறிமுகமான டால்டா போன்ற சமையற் பொருள்களின் விளம்பரத்தில் வந்தாள். கணவனும் மக்களும் உண்டு மகிழ்வதே அவள் மகிழ்ச்சி. அவள் உண்ணும் காட்சி அரிது.

அகில இந்திய வானொலியின் விவித பாரதியில் 1967-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. தூர்தர்ஷனில் 1976-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் விளம்பரங்கள் தொடங்கின. அச்சில் அசையாதிருந்த அழகியும் அன்னையும் குரலும் அசைவும் பெற்று வீட்டினுள்ளேயே வந்து சேர்ந்தனர்.

அக்காலத்து விளம்பரம் ஒன்று தனித்து நிற்கிறது. 1970-களின் நடுவில் லிரில் சோப்புக்காகக் கொடைக்கானலின் பாம்பார் அருவியில் எடுத்த படம் அது. அருவியில் ஓர் இளம்பெண் தனியே ஆடிக் களிக்கிறாள்; அவ்வளவே. கணவன் இல்லை, குழந்தை இல்லை, மாமியார் இல்லை. அந்த அருவியை ஊரார் லிரில் அருவி என்றே அழைக்கும் அளவுக்கு அப்படம் பரவியது. நாள் முழுதும் பிறருக்காக உழைக்கும் குடும்பப் பெண்ணுக்குக் குளிக்கும் சில நிமிடங்களே தனக்கென உரியவை என்ற எண்ணத்திலிருந்தே அவ்விளம்பரம் பிறந்தது என அதனை அமைத்தவர்களுள் ஒருவரான அலிக் பதம்ஸீ கூறியுள்ளார். பெண்ணின் ஓய்வு எத்தனை நிமிடம் என்ற கணக்கை விளம்பரக்காரர் அன்றே அறிந்திருந்தனர். அதைக் கூட்டும் வழியைத் தேடவில்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு ஏற்ற சோப்பை விற்றனர். வணிகத்தின் இயல்பு அது.

கணக்கறிந்த லலிதாஜி

அதே பதம்ஸீயின் குழுவினர் 1980-களில் படைத்த லலிதாஜியை வடக்கே வாழ்ந்த நம்மவர் யாவரும் அறிவர். 1969-இல் ஆமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் தொடங்கிய நிர்மா தூள், விலை குறைவு காரணமாக நாடெங்கும் பரவிற்று. 1959 முதல் விற்றுவந்த சர்ஃப் அதற்கு ஈடுகொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது தோன்றியவரே கவிதா சௌத்ரி நடித்த லலிதாஜி. கட்டுப்பாடான சேலை, நேரான பார்வை, காய்கறிக்காரரிடம் கறாரான பேரம். மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்று அவர் விளக்கும்போது குழைவும் நாணமும் இல்லை. கேள்வி கேட்பது ஓர் ஆண் குரல். விடை தருபவர் பெண். தம் தாயாரின் இயல்பை மனத்திற்கொண்டே அப்பாத்திரத்தை வகுத்ததாகப் பதம்ஸீ கூறியிருக்கிறார்.

இது ஒரு முன்னேற்றமே. குடும்பப் பெண்ணுக்கு அறிவு உண்டு, கணக்கு உண்டு, முடிவெடுக்கும் ஆற்றல் உண்டு என்று லலிதாஜி நாடறியக் கூறினார். ஆயின் அந்த அறிவு உலவிய எல்லை எது? காய்கறிக் கூடையும் துவைக்கும் வாளியுமே. இதே கவிதா சௌத்ரி பின்னர் தாமே எழுதி இயக்கி நடித்த 'உடான்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் காவல்துறை உயர் அதிகாரியாக ஆகும் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். 2024-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, ஒரே பெண்மணி நாட்டுக்குக் காட்டிய இவ்விரு பெண்களையும் பலர் ஒருங்கே நினைவுகூர்ந்தனர்.

இதே காலத்தில் பிரஷர் குக்கருக்கு ஒரு விளம்பரம் வந்தது. மனைவியிடம் அன்புள்ள கணவன் பிரெஸ்டீஜ் குக்கரை எவ்வாறு மறுப்பான் என்பது அதன் கருத்து. சென்னையில் தோன்றிய டி.டி.கே. குழுமத்தின் பொருள் அது. கேட்க இனிமையான வாசகம். மனைவியின் பாதுகாப்பைக் கணவன் கருதவேண்டும் என்பது நல்லதே. ஆயினும் சற்று நின்று நோக்குவோம். அங்கே கணவனின் பங்கு வாங்குவதோடு முடிந்தது. குக்கரை அடுப்பில் ஏற்றுபவரும் இறக்குபவரும் மனைவியே. அன்பைக் காசாகக் கொடுத்துவிடலாம். கையால் கொடுக்கவேண்டியதில்லை என்பது அதனுள் உறைந்த பாடம். கிரைண்டரும் சலவை இயந்திரமும் பின்னர் இதே வழியில்தான் நம் வீடுகளுக்குள் நுழைந்தன.

நிறம் என்னும் தடை

பெண் வெளியே வேலைக்குச் செல்லத் தொடங்கியதும் விளம்பரம் அதற்கும் ஒரு விலை கூறியது. 'சமத்துவத்தை நோக்கி' அறிக்கை வந்த மறு ஆண்டிலேயே, அதாவது 1975-இல், ஃபேர் அண்ட் லவ்லி என்னும் முகப்பூச்சு விற்பனைக்கு வந்தது. மகன் இல்லையே என்று தந்தை பெருமூச்செறிய, மகள் அப்பூச்சைப் பூசி நிறம் மாறி, விமானப் பணிப்பெண்ணாகிக் குடும்பத்தைத் தாங்குவதாக அதன் விளம்பரம் ஒன்று கதை சொல்லிற்று. பெண்ணும் பொருளீட்டலாம் என்பது அக்கதையின் ஒரு முகம். கறுத்த பெண்ணால் இயலாது என்பது மற்றொரு முகம். அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதனை எதிர்த்து முறையிட்டது. 2003-ஆம் ஆண்டில் அத்தகைய விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. 2014-இல் விளம்பரத் துறையினரின் சொந்த அமைப்பே, கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டலாகாது என விதி செய்தது. 2020-ஆம் ஆண்டில் அப்பூச்சின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல்லே நீங்கிற்று.

வடக்கே பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பெண்குழந்தைகளின் பெற்றோருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிறத்தைப் பற்றிய சொல் ஒன்று வகுப்பில் காதில் விழ, அன்று மாலை கண்ணாடியின் முன் நீண்ட நேரம் நின்ற மகளைக் கண்ட வீடுகள் பல. 45 ஆண்டுகள் ஒலித்த ஒரு சொல், பெட்டியிலிருந்து நீங்கிவிட்டது. மனத்திலிருந்து நீங்கவேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.

வெளியே அதிகாரி, உள்ளே சமையற்காரி

இந்நூற்றாண்டின் விளம்பரங்களில் பெண் விரைந்து மாறினாள். 2006-இல் வந்த ஸ்கூட்டர் விளம்பரம் ஒன்று, எல்லா இன்பமும் பையன்களுக்கு மட்டும் ஏன் என்று வினவியது. பெண்கள் ஓட்டுவதற்கென்றே எடை குறைந்த வண்டிகள் பெருகின. பேருந்துக்காகவோ அண்ணனுக்காகவோ காத்திராமல் கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும் பெண்கள் சிற்றூர்களிலும் பெருகினர். 2013-இல் நகை விளம்பரம் ஒன்று மறுமணத்தைக் காட்டிற்று. மணமகள் மாநிறத்தவள், அவளுக்கு ஒரு சிறு மகளும் உண்டு. அக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு மணமகன் தீயை வலம்வருகிறான். விளம்பரத்தில் நிறமும் மறுமணமும் இவ்வாறு ஒருங்கே இடம்பெற்றது புதுமை.

ஆனால் 2014-இல் வந்த ஏர்டெல் விளம்பரமே நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி. அவள் ஓர் ஊழியனிடம் கடினமான வேலையை இன்றே முடிக்கவேண்டும் என்கிறாள். மாலையில் அவள் வீடு திரும்பிச் சமைக்கிறாள்; சமைத்ததைத் தொலைபேசியில் படமாகக் காட்டிக் கணவனை விரைவில் வருமாறு அழைக்கிறாள். அந்தக் கணவன் வேறு யாரும் அல்லன். அவளிடம் வேலை பார்க்கும் அதே ஊழியனே! நாடெங்கும் இதனைப் பற்றி விவாதம் நிகழ்ந்தது. மனைவியின் கீழ்க் கணவன் வேலை செய்வதை இயல்பாகக் காட்டினார்களே என்று சிலர் பாராட்டினர். அதிகாரியானாலும் அடுப்பு அவளுடையதே என்று காட்டினார்களே என்று சிலர் வருந்தினர். இரண்டும் உண்மை. அதனாலேயே அப்படம், நம் காலத்து இல்லறத்தின் பிழையற்ற சித்திரம் ஆயிற்று.

ஆணை அழைத்த விளம்பரம்

மறு ஆண்டு, 2015-இல், ஏரியல் சலவைத்தூளின் விளம்பரம் முதல் முறையாக ஆணைப் பெயர் சொல்லி அழைத்தது எனலாம். இரு முதிய பெண்கள் அமர்ந்து காலம் மாறிவிட்டதை வியக்கிறார்கள். மருமகள் மகனைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறாளாம்! அவ்வேளையில் உள்ளிருந்து மகனின் குரல்: என் பச்சைச் சட்டையை ஏன் துவைக்கவில்லை? துணி துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்ற வினாவோடு படம் முடிகிறது. 2016-இல் வந்த படத்தில், மகள் வீட்டுக்கு வந்த முதிய தந்தை, அலுவலக வேலையும் அடுப்பும் பிள்ளையுமாக அவள் திண்டாடுவதையும், மருமகன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பதையும் காண்கிறார். குற்றம் மருமகனுடையது மட்டும் அன்று என்று அவருக்குத் தோன்றுகிறது. உன் தாய்க்கு நான் ஒருநாளும் உதவியதில்லை. அதைப் பார்த்தே நீ வளர்ந்தாய் என்று மன்னிப்புக் கேட்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிறார். ஊர் திரும்பியதும் தம் துணியைத் தாமே சலவை இயந்திரத்தில் இடுகிறார்.

இதுவும் தூள் விற்கும் தந்திரமே என்று கூறுவாரும் உளர். உண்மைதான். ஆயினும் விற்பனைத் தந்திரம் எந்த உணர்ச்சியைத் தொடுகிறது என்பதைக் கொண்டு, சமுதாயத்தில் எது கூர்மையாக வலிக்கிறது என்பதை அறியலாம். 1994-இல் கேட்பரி சாக்லெட் விளம்பரத்தில் ஆண் மட்டையடிக்க, பெண் மைதானத்தில் ஓடிவந்து ஆடினாள். 2021-இல் அதே படத்தை மீண்டும் எடுத்தபோது பெண் மட்டையடித்தாள். ஆண் ஓடிவந்து ஆடினான். 27 ஆண்டுகளில் மைதானத்தில் இருவரும் இடம் மாறிக்கொண்டனர். அடுப்பங்கரையில் இடம் மாறினார்களா?

ஒரு நிமிடம்

இதற்கு விடை கூறும் கணக்கு ஒன்று உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும், மக்கள் நாளைப் பொழுதுபொழுதாக எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று ஆராய்ந்தது. 6 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில், ஊதியமின்றி வீட்டு வேலை செய்வோர் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் 26 பேர். அவ்வேலையில் ஈடுபட்டோரை மட்டும் எடுத்துக்கொண்டாலும், பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் அதே ஆய்வு மீண்டும் நடந்தது. பெண்களின் 299 நிமிடம் 289 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதானே என்று மகிழுமுன் அடுத்த எண்ணையும் காண்போம். ஆண்களின் 97 நிமிடம் 88 ஆகக் குறைந்தது.

கழித்துப் பார்த்தால், 2019-இல் இருவருக்கும் இடைவெளி 202 நிமிடம். 2024-இல் 201 நிமிடம். ஐந்தாண்டுகளில் குறைந்தது ஒரே ஒரு நிமிடம்! பெண்ணுக்குக் கிட்டிய பத்து நிமிடமும் ஆண் கைகொடுத்ததால் வந்ததாகத் தெரியவில்லை. ஆணின் கையும் அதே அளவில் விலகிற்று அன்றோ? விளம்பரத்தில் அரை நிமிடத்தில் மனம் மாறும் கணவன், வாழ்க்கையில் ஐந்தாண்டுகளில் ஒரு நிமிடம் நகர்ந்திருக்கிறான்.

அரசின் சித்திரமும் நம் பிழையும்

வணிகரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. நாம் பணிபுரியும் அரசின் விளம்பரங்களையும் நோக்குவோம். 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்னும் வாசகமும் சிவப்பு முக்கோணமும் நம் தலைமுறையினர் பள்ளிச் சுவரிலும் பேருந்தின் பின்புறமும் கண்டு வளர்ந்தவை. அதில் கணவனும் மனைவியும் சரிசமமாக நின்றார்கள். ஆனால் நடந்தது யாது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டோர் நூற்றுக்கு 37.9 பேர், கணவன் செய்துகொண்டது 0.3 மட்டுமே. ஆணுக்குரிய அறுவையே எளியது என்பதை மருத்துவர் யாவரும் கூறுவர். சுவரில் இருவர், மருத்துவமனையில் ஒருவர்.

விடுப்பு விதிகளும் இவ்வாறே. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது, போற்றத்தக்க செயல். மத்திய அரசு ஊழியரான தந்தைக்குக் கிட்டுவதோ 15 நாள். தாய் தொட்டிலை ஆட்டவேண்டும், தந்தை தொட்டில் வாங்கவேண்டும் என்ற குக்கர் விளம்பரத்தின் நீதியே இங்கும் ஒலிக்கிறது.

நம் பிழை ஒன்றையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். குழந்தை நலம் பற்றிய சிறு கையேடு ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. குழந்தையைப் பராமரிப்பவர் என்னும் பொதுச்சொல்லே மூலத்தில் இருந்தது. நாம் அதனைப் பக்கந்தோறும் 'தாய்மார்கள்' என்று எழுதியிருந்தோம். திட்டமிட்டு எழுதவில்லை, பேனா தானே அவ்வாறு ஓடிற்று. ஒப்புநோக்கிய அம்மையார் ஒவ்வோரிடத்திலும் அதனை அடித்துத் திருத்தி, ஓரத்தில், தந்தையார் எங்கே போனார் என்று ஒரே வரி எழுதியிருந்தார். தமிழ் தந்த பொதுமையை விளம்பரப் படம் பறிப்பதாக மேலே குறை கூறினோம். அதே வேலையை நம் பேனாவும் செய்திருந்தது.

சட்டமும் நீதிமன்றமும்

பெண்ணை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் சட்டம் 1986-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஆபாசத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். சேலை அணிந்து, சிரித்த முகத்தோடு, வீட்டார் எல்லோரும் சிந்தியதைத் தனியொருத்தியாகத் துடைக்கும் பெண்ணைக் காட்டினால் அச்சட்டத்தில் குற்றம் இல்லை. இந்த இடைவெளியைக் கருதியே, 1985 முதல் இயங்கிவரும் விளம்பரத் தர நிர்ணய அமைப்பு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது. பெண் வீட்டைத் துடைப்பதைக் காட்டலாம். அது பெண்ணுக்கே உரிய வேலை என்று காட்டலாகாது என்பது அதன் சாரம். அழுகின்ற ஆணையோ, வீட்டு வேலை செய்யும் ஆணையோ எள்ளி நகையாடலாகாது என்பதும் அதில் அடங்கும்.

நீதிமன்றங்களும் இவ்வேலைக்கு விலை வகுக்கத் தொடங்கியுள்ளன. 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்ற நீதிபதி என்.வி. ரமணா, மேற்கூறிய நிமிடக் கணக்கையே எடுத்துக்காட்டி, இல்லத்தில் உழைக்கும் பெண்ணின் பணிக்கும் வருமானம் கணக்கிடவேண்டும் என்றார். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய தீர்ப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. கணவர் பல ஆண்டுகள் வெளிநாட்டில் பொருளீட்டினார். மனைவி ஊரிலிருந்து பிள்ளைகளை வளர்த்து வீட்டைக் காத்தார். அவ்வாறு சேர்ந்த சொத்தில் மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று நீதிமன்றம் கூறிற்று. அவர் வீட்டைத் தாங்கியிராவிடின் இவர் வெளியே சென்று ஈட்டியிருக்க முடியாது என்பதே அதன் அடிப்படை. ஊர் விட்டு ஊர் வந்த நம் ஒவ்வொருவரின் சேமிப்புப் புத்தகத்திலும் இத்தகைய எழுதப்படாத கையெழுத்து ஒன்று உண்டு.

கீழே வைத்த கரண்டி

ஆணுக்குச் சமையல் வராது, இயல்பிலேயே கை வராது என்பார் சிலர். தமிழர் இதனைச் சொல்லலாகாது. சுவைக்கு நாம் கூறும் உவமைகள் நளபாகமும் பீமபாகமும் அல்லவா? இருவரும் ஆண்மக்கள். கல்யாண வீட்டில் ஆயிரம் இலைக்குச் சமைப்பவர் பெரும்பாலும் ஆண். மும்பை மகாலட்சுமியின் தோபி காட்டில் ஊராரின் துணியைத் துவைப்பவரும் பெரும்பாலும் ஆண்களே. ஆகவே வேலையில் ஆண் பெண் இல்லை. கூலியும் புகழும் உள்ள இடத்தில் அது ஆணின் தொழில். இரண்டும் இல்லாத இடத்தில் பெண்ணின் கடமை. வழக்கம் வகுத்த பங்கீடு இதுவே.

நம் வாழ்க்கையே இதற்குச் சான்று. வேலை கிட்டி வடக்கே வந்த தமிழ் இளைஞர்கள், கரோல்பாக்கிலும் மாதுங்காவிலும் ஓர் அறையில் மூவரும் நால்வருமாகத் தங்கி, முறை வைத்துச் சமைத்தார்கள். ஊரிலிருந்து வந்த ரசப்பொடியும் மண்ணெண்ணெய் அடுப்புமாகத் தொடங்கி, மூன்று மாதத்தில் சாம்பார் கைவந்தது. சட்டையைத் தாமே துவைத்தார்கள். காய்ச்சலில் கிடந்த நண்பனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். நாமும் அவ்வாறு இருந்தவரே. பின்னர்த் திருமணமாயிற்று. மனைவி வந்த அன்று கீழே வைத்த கரண்டியை மீண்டும் எடுக்கவில்லை. கற்றது மறந்துபோகவில்லை; எடுக்கவேண்டிய தேவை நீங்கிற்று, அவ்வளவே. அவரோ, தாய் இல்லை, தமக்கை இல்லை, அண்டை வீட்டாரின் மொழியும் தெரியாது என்னும் நிலையில், முன்னே நால்வர் பங்கிட்ட வேலையைத் தனியே செய்யத் தொடங்கினார். ஊரிலாயினும் கைமாற்ற ஒரு நாத்தனாரோ அத்தையோ இருந்திருப்பர். புலம்பெயர்ந்த வீட்டில் கணவனைத் தவிர மாற்றாள் இல்லை. ஆகவே பிறர்க்கு இது நியாயம் பற்றிய வினா எனின், நமக்கு அது அன்றாட வாழ்வு பற்றிய வினாவும் ஆகும்.

விளம்பரத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுப் பழகலாம். படத்தில் வேலை செய்பவர் யார்? செய்தது போதாதென்று குறை கூறுபவர் யார்? பொருள் விற்றபின் யாருடைய பொழுது மிஞ்சியது? பத்து வயதுச் சிறுவனும் இதற்கு விடை சொல்வான். சொன்ன பிறகு அவன் திரையை விட்டு நம் பக்கம் திரும்புவான் என்பதையும் எதிர்பார்த்தே கேட்கவேண்டும். அப்போது நாம் நாற்காலியில் அமர்ந்திருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஐந்தாண்டுகளில் நாடு ஒரு நிமிடம் நகர்ந்தது. அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை காத்திராமல், ஒவ்வொரு வீட்டிலும் இன்றைய சமையல் முடிந்ததும் பாத்திரம் கழுவும் அந்த இருபது நிமிடத்தை ஆண்மக்கள் ஏற்றால், அந்த வீட்டின் இடைவெளியில் நாற்பது நிமிடம் குறையும். ஒருவரிடம் இருபது கூடி, மற்றவரிடம் இருபது கழிவதால் வரும் கணக்கு அது. அறையில் இருந்த நாளில் நாம் பாத்திரம் கழுவியவர்களே. புதிதாகக் கற்கவேண்டியது ஒன்றும் இல்லை.